எங்க பக்கம் எல்லாம் பச்சைதான் சார்

பல சர்வர்களைச் சொருகி வைக்கும் பெட்டியான பிளேட் சேஸிஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு நெட்வொர்க் மாட்யூலைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். கேபிள்களை எடுத்துவிட்டால் பத்து வினாடி என்றேன். "அப்ப எதுக்கு சேஞ்ச் டிக்கெட்ல ரெண்டு மணி நேரம் போட்டிருக்கீங்க?" என்றார். சேஞ்ச் டிக்கெட் என்பது இப்படி ஒரு மாற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுதும் சீட்டு. நியாயமான கேள்விதான். அந்த நேரத்துக்கு எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 2016-ல் ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசியில் நான் சொன்ன ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அன்று யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. மேலதிகாரி திட்டவில்லை. அறிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி, மூடியாயிற்று. இருந்தும் அந்த வாக்கியம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தம்பிக்கும் இணைப்பை அனுப்பிவிடலாம்.

அந்த சேஸிஸ் எச்பி சி7000. இந்தத் துறையில் பத்து வருடம் இருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. 2006-ல் வந்த வடிவம், 10 யூ உயரம், முன்பக்கம் அரை உயர பிளேடுகள், அதாவது பலகை மாதிரி சொருகும் சர்வர்கள், 16. பின்பக்கம் மேலும் கீழும் ஐந்தைந்தாக 10 விசிறிகள், நடுவில் நான்கு வரிசையில் 8 மாட்யூல் இடங்கள். எங்களுடையதில் ஒன்றாம் இடத்திலும் இரண்டாம் இடத்திலும் பிளேடுகளை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்-10 வகை விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல்கள் இருந்தன. ஒவ்வொரு பிளேடின் முதல் நெட்வொர்க் போர்ட்டும் ஒன்றாம் இடத்துக்கும், இரண்டாவது போர்ட் இரண்டாம் இடத்துக்கும் போகும். நடுவில் கேபிள் கிடையாது, மிட்பிளேன் என்கிற நடுப்பலகையின் செப்புத் தடங்கள்தான். இதில் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சாதாரண ரேக் சர்வர் என்றால் 16 கேபிளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். மூன்றாவது கேபிளிலேயே ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கை நின்றுவிடும். இங்கே 16 கேபிளையும் ஒரே இழுப்பில் உருவுகிறோம், கை நிற்க இடமே இல்லை.

ஏன் கழற்ற வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கக்கேடான கதை. எங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் எஸ்எஃப்பி (ஃபைபர் கேபிளைப் பொருத்தும் குட்டி முனை) ஒன்றைத் தலைகீழாகத் திணித்து, போர்ட்டின் தகரக் கூட்டை வளைத்துவிட்டார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். அந்த போர்ட் அப்லிங்குக்கு, அதாவது மேல் ஸ்விட்சுக்குப் போகும் இணைப்புக்கு, தேவைப்பட்டது. ஒன்றாம் மாட்யூலை எடுத்துவிட்டு, கிடங்கில் இருக்கும் மாற்று மாட்யூலைச் செருக வேண்டும். இரவு 1 மணியிலிருந்து 3 மணிவரை அனுமதி. சேவைக்குப் பாதிப்பு என்ற கட்டத்தில் "இல்லை" என்று நானேதான் எழுதினேன்.

மெரூன் நிறம்

அந்த மாட்யூலின் தாழ்ப்பாள் மெரூன் நிறம். எச்பி சாதனங்களில் அந்த நிறம் இருந்தால் மின்சாரம் ஓடும்போதே கழற்றலாம் என்று பொருள். ஐபிஎம் இதற்கு ஆரஞ்சு வைத்திருந்தது. ஹாட் பிளக், ஹாட் ஸ்வாப் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் பின்னால் இருக்கும் வித்தை ஒன்றுதான். கனெக்டரில் எல்லா ஊசிகளும் ஒரே நீளம் இருக்காது. தரை இணைப்பும் மின்சாரமும் நீளமான ஊசிகளில் இருக்கும், செருகும்போது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியில் விடும். சிக்னல் ஊசிகள் குட்டை. செருகிய கணத்தில் மின்சாரம் குபீரென்று பாயாதபடி தடுக்க மாட்யூலுக்குள்ளேயே ஒரு சுற்று இருக்கிறது. அழகான பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிறம் கொடுக்கும் வாக்குறுதி எதுவரை என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. நான் கருகமாட்டேன், பக்கத்தில் இருப்பவனைக் கருக்கமாட்டேன் என்று இரும்பு சொல்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்கூட அது சொல்லவில்லை. மற்றதையெல்லாம் நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

நான் சோம்பேறித்தனமாகப் போய்ச் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று சாயங்காலமே தயாரிப்பு தொடங்கிவிட்டது. விர்ச்சுவல் கனெக்ட் கட்டமைப்பை பேக்கப் எடுத்தேன். 16 சர்வர்களிலும் லினக்ஸ், எல்லாவற்றிலும் இரண்டு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டும் பாண்டிங், ஆக்டிவ்-பேக்கப் முறை. ஒரு லிங்க் வேலை செய்யும், இன்னொன்று காத்திருக்கும், முதலாவது விழுந்தால் அது எடுத்துக்கொள்ளும். பாண்டிங்கின் நிலையைக் காட்டும் கோப்பு ஒவ்வொரு சர்வரிலும் உண்டு. அதில் பாண்டுக்கு ஒரு வரி, இரண்டு போர்ட்டுக்கும் ஒவ்வொரு வரி, ஆக மூன்று இடத்தில் "எம்ஐஐ ஸ்டேட்டஸ்: அப்" என்று வர வேண்டும், லிங்க் உயிரோடு இருக்கிறது என்று பொருள். 16 சர்வரிலும் அதை எண்ணிச் சொல்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். 48 வர வேண்டும். 48 வந்தது. அந்த எண்ணை டிக்கெட்டில் ஒட்டினேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு சாட்சி இருக்கட்டும் என்றுதான். இன்றும் அந்த டிக்கெட்டில் அந்த 48 இருக்கிறது.

கை வேலை

இரவு 1 மணிக்கு டேட்டா சென்டரின் ஹாட் ஐலில் நுழைந்தோம். சென்னைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வரிசையாக ரேக்குகள் முதுகைக் காட்டி மூச்சுவிடும் அந்தச் சந்தின் சூடு வேறு மாதிரி. ஈரமே இல்லாத சூடு, பத்து நிமிடத்தில் உதடு வறண்டுவிடும். கூட வந்த சக ஊழியர் ரேக்கின் முன்பக்கம் குளிர்ந்த பகுதியில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். அவர் திரையில் 16 முகவரிகளுக்கும் 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் பேச முடியாது என்பதால் இருவரும் கைபேசியில் இணைப்பில் இருந்தோம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். மாட்யூலைத் தொடுமுன் அதன் இட எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒன்றாம் மாட்யூலும் இரண்டாம் மாட்யூலும் பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் நின்று பேசுகிறவருக்கு இடது என்பது பின்பக்கம் நிற்கிறவருக்கு வலது. மாற்றி இழுத்தவர்கள் உண்டு. அதனால் ஓஏ என்கிற நிர்வாகப் பலகையிலிருந்து ஒன்றாம் இடத்தின் நீல விளக்கை எரியவிடச் சொன்னேன். எரிந்தது. எண்ணைச் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார்.

ஆன்டிஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டி ரேக்கின் தரைப்புள்ளியில் மாட்டினேன். நம் தோலுக்கு உறைக்க ஏறக்குறைய 3000 வோல்ட் நிலைமின்சாரம் வேண்டும். சில்லுகள் சிலவற்றுக்கு 100 வோல்ட்டே போதும். அதாவது நமக்குச் சுரீரென்று ஒன்றும் படவில்லை என்பது எந்த ஆதாரமும் இல்லை. பிறகு ஃபைபர்களை ஒவ்வொன்றாக, எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டிய பிறகே உருவினேன். உருவியதும் முனைக்குத் தூசி மூடி. பழைய ஆட்கள் சிலர் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒளி வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த 850 நானோமீட்டர் ஒளியைக் கண் பார்க்காது, கண்ணில் படுவது மட்டும் படும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

1:20-க்குத் தாழ்ப்பாளை அழுத்தி, இரண்டு கையாலும் நேராக, சாய்க்காமல், நிறுத்தாமல் இழுத்தேன். வழவழவென்று வந்தது. முன்பக்கத்திலிருந்து குரல்: "சிலதுல ஒரு பிங் போச்சு, திரும்பிடுச்சு. எல்லாம் பச்சை." எனக்கு அந்தக் கணம் பிடித்திருந்தது. மறைக்க விரும்பவில்லை, பெருமையாகவே இருந்தது.

கழற்றுவதைவிடச் செருகுவதுதான் பயம் என்று அந்த அண்ணன் சொல்வார். காலி இடத்துக்குள் டார்ச் அடித்து நடுப்பலகையின் கனெக்டரைப் பார்த்தேன். அங்கே ஒரு ஊசி வளைந்தால் மாட்யூலை மாற்றிப் பயனில்லை. நடுப்பலகையை மாற்ற வேண்டும், அதற்கு 16 பிளேடையும் அணைத்து சேஸிஸையே பிரிக்க வேண்டும். ஊசிகள் நேராக இருந்தன. மாற்று மாட்யூலை உள்ளே தள்ளி, தாழ்ப்பாள் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். காலி இடத்தை நெடுநேரம் விட்டால் விசிறிகளின் காற்று அந்த ஓட்டை வழியே சுற்றிச் சுற்றி வரும், பிளேடுகளுக்குப் போகாது. உடனே செருக முடியாவிட்டால் டம்மியாவது வைக்க வேண்டும். விசிறிகள் ஒரு சுற்று ஊளையிட்டுவிட்டு அடங்கின. மாற்று மாட்யூலின் ஃபெர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) பழையது, புதியதை ஏற்றிய பிறகுதான் டொமைன், அதாவது இந்த மாட்யூல்களின் குழு, அதைச் சேர்த்துக்கொள்ளும். அதை எதிர்பார்த்தே இருந்தோம். ஏற்றுவதற்கு விட்டுவிட்டு, டீ குடிக்கப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்து வண்டி

1:37-க்கு மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு உதிரிபாகக் கிடங்கின் கேட்டிலிருந்து செக்யூரிட்டி சூப்பர்வைசர். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "சார், கேட் பாஸ் அடிக்க மாட்டேங்குது சார். அஞ்சு வண்டி நிக்குது."

நான் திரையைப் பார்த்தேன். 16 பச்சை. "எங்க பக்கம் எல்லாம் பச்சைதான் சார்" என்றேன். "உங்க பிரிண்டரை ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "சரி சார்" என்று வைத்துவிட்டார். நடுராத்திரி, பின்னால் லாரிகள், ஓட்டுநர்கள் ஹாரன் அடித்திருப்பார்கள். நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனிதர் குனிந்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அணைத்து, மூன்று படி காகிதத்தைச் சரிசெய்து, மறுபடி போட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அழைப்பு. நான் மீண்டும் அதையே சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. "இங்க எல்லாமே பச்சையா இருக்கு சார், லோக்கல்ல பாருங்க." மூன்றாவது அழைப்பில் அவர் சொன்னார்: "பிரிண்டர்ல ஒண்ணும் இல்ல சார். தனியா ஒரு பேப்பர் அடிச்சுப் பாத்துட்டேன். ஸ்கிரீன்ல சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. அது உங்ககிட்டருந்துதான வரணும்?"

என்னைவிட ஒழுங்காக அவர் துப்பறிந்திருந்தார். நான் உருவாக்கிய 48-ஐ நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பேப்பரை அடித்துப் பார்த்து, பிரிண்டரைக் கழித்து, விரலை நீட்டிவிட்டார்.

அப்போதுதான் பிங் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். 15 முகவரிகள் ஒரு வரிசையில் இருந்தன. ஒன்று மட்டும் வேறு வரிசை. கேட் பாஸ் ஓடும் சர்வருக்கு உரியது. ஆனால் அது சர்வரின் முகவரியே அல்ல, அதன் ஐலோ முகவரி. ஐலோ என்பது சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க அதற்குள்ளேயே இருக்கும் தனிச் சில்லு. ஐலோவின் போக்குவரத்து இந்த மாட்யூல்கள் வழியாகப் போவதில்லை, ஓஏ வழியாகத் தனிப்பாதையில் போகிறது. இரண்டு நெட்வொர்க் மாட்யூலையும் பிடுங்கிக் கீழே போட்டாலும் அந்த விளக்கு பச்சையாகவே எரியும். அந்த சர்வர் வேறொரு குழுவிடமிருந்து எங்களுக்கு வந்தது. அவர்கள் கொடுத்த எக்செல் தாளில் ஐலோ முகவரி மட்டும் இருந்தது, அதை அப்படியே நகலெடுத்திருக்கிறோம்.

ஐலோ வழியாகவே கன்சோலுக்குள் நுழைந்தேன். சர்வர் நலமாக ஓடிக்கொண்டிருந்தது, வெளியுலகம்தான் இல்லை. பாண்டிங் கோப்பைத் திறந்தேன், இந்த முறை ஸ்கிரிப்ட் இல்லாமல் என் கண்ணால். எம்ஐஐ ஸ்டேட்டஸ்: அப். அடுத்த வரி, எம்ஐஐ போலிங் இன்டர்வெல்: 0. அதன் கீழே முதல் போர்ட்டான ஈத் 0, அப். லிங்க் ஃபெயிலியர் கவுண்ட்: 0. ஈத் 0 போய்ச் சேரும் மாட்யூல் என் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் கிடக்கிறது. இது "அப்" என்கிறது.

பாண்டிங்கில் எம்ஐஐமான் என்று ஒரு மதிப்பு உண்டு. எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது. 100 என்று வைப்பது வழக்கம். அந்தக் கால கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), ஆக்டிவ்-பேக்கப் முறையில் அதை எழுதாமல் விட்டால் 0 என்று கொள்ளும். 0 என்றால் அடிக்கடி பார் என்பதல்ல, பார்க்கவே பார்க்காதே. லிங்கைப் பார்க்காத பாண்டிங்குக்கு எல்லா லிங்கும் என்றென்றும் அப்தான். ஃபெயிலியர் கவுண்ட் 0 என்பதும் உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டவன் முன்னால் ஒன்றும் விழுவதில்லை. 15 சர்வர்களை எங்கள் டெம்ப்ளேட் அமைத்தது, அவற்றில் 100 இருந்தது. இதை யாரோ கையால் அமைத்திருந்தார்கள், ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்கள்.

ஐஎஃப்என்ஸ்லேவ் கட்டளையால் இரண்டாவது போர்ட்டான ஈத் 1-ஐ ஆக்டிவ் ஆக்கினேன். ஒரு வரி. 1:51. கேட்டுக்கு நானே போன் செய்தேன். "வந்துருச்சு சார், தேங்க்ஸ் சார்" என்றார். அவர் தேங்க்ஸ் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

கெர்னல் சொன்னதும் நாங்கள் கேட்காததும்

மறுநாள் அந்த சர்வரின் பூட் லாகைப் பார்த்தேன். பாண்டிங் டிரைவர் ஏறும்போதே எச்சரித்திருக்கிறது: எம்ஐஐமானோ, லிங்கைச் சோதிக்கும் இன்னொரு வழியான ஏஆர்பி இன்டர்வெலோ குறிப்பிடாவிட்டால் லிங்க் விழுவதைக் கண்டுபிடிக்க முடியாது என்று, ஆச்சரியக்குறியுடன். அடடா என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். அப்புறம் மற்ற 15-ஐயும் பார்த்தால் அங்கேயும் அதே வரி. டிரைவர் முதலில் வெறுங்கையோடு ஏறுகிறது, அப்போதே எச்சரித்துவிடுகிறது. 100 என்ற மதிப்பு அதற்குப் பிறகுதான் கட்டமைப்புக் கோப்பிலிருந்து போய்ச் சேர்கிறது. ஆக, நல்ல சர்வரும் கத்துகிறது, கெட்ட சர்வரும் கத்துகிறது. எல்லா வீட்டு நாயும் குரைக்கும் தெருவில் திருடன் வந்த வீட்டு நாயை யார் பிரித்துக் கேட்பது?

இன்னொரு விஷயம் இதைவிடச் சங்கடமானது. மாற்று மாட்யூலின் ஃபெர்ம்வேர் மட்டும் புதிதாக இருந்திருந்தால் சில நிமிடங்களில் மாட்யூல் எழுந்திருக்கும், ஈத் 0-க்கு உயிர் வந்திருக்கும், சர்வர் தானே திரும்பியிருக்கும். கேட்டில் இருந்தவர் நெட் கொஞ்சம் ஸ்லோ என்று நினைத்திருப்பார். நாங்கள் டீ குடித்துவிட்டு, வெற்றி என்று எழுதி, டிக்கெட்டை மூடியிருப்போம். அந்த 0 அங்கேயே உட்கார்ந்திருக்கும். என் அனுபவத்தில் இப்படி வெற்றியாக முடிந்த மற்ற வேலைகளில் எத்தனை உண்மையில் வெற்றி என்று இப்போது எனக்குத் தெரியாது.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கான்ஃபிக்ல ஒரு வார்த்தை மிஸ்ஸிங், சேத்தாச்சு, முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு தத்துவம்?" என்றார். பாதி சரி. ஆனால் 100 என்று போட்டுவிட்டதால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. எம்ஐஐமான் பார்ப்பது சர்வருக்கும் மாட்யூலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் செப்பை மட்டும்தான். மாட்யூல் நன்றாக இருந்து, அதற்கு மேலே போகும் அப்லிங்க் செத்திருந்தால் சர்வர் நிம்மதியாகப் பாழுங்கிணற்றுக்குள் பாக்கெட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் விர்ச்சுவல் கனெக்டில் ஸ்மார்ட்லிங்க் என்ற வசதி இருக்கிறது. அப்லிங்க் எல்லாம் விழுந்தால் கீழே சர்வர் பக்க லிங்கையும் அது வேண்டுமென்றே விழவைக்கும், சர்வருக்குச் செய்தி போகட்டும் என்று. அதை ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனியாக டிக் செய்ய வேண்டும். யாராவது டிக் செய்ய மறந்திருந்தால்? அதைப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்டைப் பார்க்க?

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீருக்கு இரண்டு மோட்டார். ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்டாண்ட்பை. ஒரு மே மாதம் முதலாவது மோட்டாரின் காயில் போய்விட்டது. இரண்டாவதைப் போட்டால் உறுமிவிட்டு நின்றுவிட்டது. வருடக்கணக்கில் சுற்றாமல் உள்ளே துருவேறி இறுகிவிட்டதாம். சொசைட்டி கூட்டத்தில் செயலாளர் கோபமாக, "ரெண்டு மோட்டார் இருக்குன்னு ரிஜிஸ்டர்லயே இருக்கு" என்றார். எனக்கு அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

எனக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்றால், நான் அன்று 16 சர்வர்களிடமும் "நீ தயாரா?" என்று கேட்டேன், அவை "தயார்" என்றன. மாறிக் காட்டு என்று ஒன்றிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது வேலையின் வரிசையே வேறு. முதலில் ஒவ்வொரு சர்வரிலும் ஆக்டிவ் லிங்கைக் கையால் இரண்டாம் மாட்யூல் பக்கம் தள்ளுகிறேன். மாறாததோ மாறிய பின் பேசாததோ இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், ஒரு கட்டளையில் பழையபடி ஆக்கிவிடலாம். திரும்பவும் ஒன்றாம் மாட்யூல் பக்கமே கொண்டுவந்துவிட்டு, மேல் ஸ்விட்சில் அதன் அப்லிங்க் போர்ட்களை அணைக்கிறேன். ஸ்மார்ட்லிங்க் வேலை செய்கிறதா, சர்வர்கள் தாமாக மாறுகின்றனவா என்பது அதில் தெரியும். இதையும் ஒரு நொடியில் திருப்பலாம். பதினைந்து நிமிடம் சும்மா காத்திருக்கிறேன். இதற்கெல்லாம் பிறகுதான் தாழ்ப்பாள். இழுத்துவிட்ட மாட்யூலைத் திருப்பிச் செருகினால் அது பூட் ஆகிவர நிமிடக்கணக்கில் ஆகும். கையில் திரும்பிப்போகும் வழி இருக்கும்போதே விழ வேண்டியவை விழட்டும். தம்பி கேட்ட இரண்டு மணி நேரத்தில் ஒன்றே முக்கால் மணி இங்கேதான் போகிறது.

பிங்கை நான் இன்னும் ஓடவிடுகிறேன், பழக்கம். ஆனால் அதைப் பார்த்து யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

போன மாதம் அதே சேஸிஸில் இரண்டாம் மாட்யூலைக் கழற்ற வேண்டி வந்தது. வயதான பெட்டி, இன்னும் ஓடுகிறது. தொடங்குமுன் ஒரகடம் கேட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அன்றைய மனிதர்தானா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை, கேட்கவும் கூச்சம். ஒரு கேட் பாஸ் அடித்துப் பார்க்க முடியுமா என்றேன்.

"என்ன பேருல சார் அடிக்கிறது?"

"டெஸ்ட்னு போடுங்க."

"வண்டி நம்பர் இல்லாம உள்ள போகாது சார்."

"உங்க பைக் நம்பரைப் போட்டுடுங்க."

சிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொலைபேசிக்குள் அந்த டாட் மேட்ரிக்ஸ் சத்தம், கர்ரக் கர்ரக் என்று, மூன்று படியையும் குத்திக்கொண்டு. "வந்துருச்சு சார்." அப்லிங்கை அணைத்தேன். காத்திருந்தேன். இட எண்ணைச் சொன்னேன், சக ஊழியர் திருப்பிச் சொன்னார், இழுத்தேன். திரையில் எல்லாம் பச்சை. மீண்டும் கேட்டுக்குப் போன் போட்டேன்.

"மறுபடியும் என் பைக்கையே வெளிய அனுப்பவா சார்?" என்றார்.